துவக்கு விளக்கும் முப்பத்தாறு வெடியும்

துவக்கில், அதாவது துப்பாக்கியில், பூட்டுகிற ரோச் லைற்றுக்குப் பொருத்தமான எல்.ஈ.டி. தெரிந்தெடுத்து மாற்றிக் கொடுப்பது என் தொழில். துவக்கு என் தொழில் அல்ல.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஜெர்மன் பேசுகிற இந்த மலைநாட்டில், கூர் என்ற நகரில் வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்றின் பின்பக்கத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால், பதினொரு வருடமாக இருக்கிறேன். பழைய விளக்குக்குள் மஞ்சள் பல்ப் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு எல்.ஈ.டி. துண்டைப் போட்டால் விளக்குப் புதிதாகிவிடும். சொல்ல இரண்டு வரிதான். எந்தத் துண்டு என்று முடிவு செய்யச் சில வேளை ஒரு மாதம் போகும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி எண்ணிப் பார்ப்பது. நீங்களும் ஏதோ ஒரு கடையின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு முன்பக்கத்து அவசரங்களில் மாட்டுப்படுகிறவர் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த விதம்

அதற்கு முதல் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை. நாலு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, எப்போது மாற்றினேன், எத்தனை நாள் எரிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிப் படிக்கட்டுக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். வேட்டைக்காரர்களின் விருந்துக்கு வந்த கியோன் என்ற கடைக்காரர், கை கழுவப் போன இடத்தில் அந்தக் கொப்பியைக் கண்டு, விருந்தை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் நின்று வாசித்தாராம். இது யாருடையது என்று அவர் தேடி வந்தபோது நான் படுக்கை விரிப்பு வைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டேன். வருவது பாராட்டா முறைப்பாடா என்று தெரியாதபோது நான் எப்போதும் அப்படித்தான்.

அடுத்த கிழமை கடைக்கு வரச்சொன்னார். போனால் சுவர் நிறையத் துவக்கு. துவக்குக்கு முன்னாலும் பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டு, அதிலிருந்து ஓடி இந்த நாட்டுக்கு வந்தவன் நான். விளக்கைத் தொடுவேன், துவக்கைத் தொடமாட்டேன், யாராவது விளக்கைக் கழற்றித் தந்தால் வேலை செய்வேன் என்று எனக்கிருந்த ஜெர்மனில் எப்படியோ சொல்லி முடித்தேன். இப்படி ஒரு ஆளை எந்த முதலாளி எடுப்பார்? கியோன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கை கொடுத்தார். "துவக்குக்கு என்னிடம் ஆள் இருக்கிறது. வெளிச்சத்துக்குத்தான் ஆள் இல்லை."

பங்கர்

விளக்கைப் பகலில் சோதிப்பதற்கு இருட்டு வேண்டும். இங்கே கட்டடங்களுக்குக் கீழே, சண்டை வந்தால் ஒளிய என்று கொங்கிரீற்றில் பங்கர் கட்டி வைத்திருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் இன்னும் ஒருவரும் ஒளிந்ததில்லை. வைன் போத்தல்களும் பனிச்சறுக்குப் பலகைகளும்தான் ஒளிந்திருக்கின்றன. நீளம் என் நடைக்கு இருபத்தெட்டு காலடி. தூரச் சுவருக்கு வெள்ளை அடித்து நடுவில் ஒரு ஆணி அறைந்தேன். இரும்புக் கதவைச் சாத்தினால் மத்தியானத்திலும் கும்மிருட்டு.

இதைக் கேள்விப்பட்ட என் கூட்டாளி சிவலிங்கம் பஸ் வரும்வரை சிரித்தான். அவன் ஹோட்டல் சமையல்காரன். ஓகஸ்ட் முதலாம் திகதி, நாட்டின் பிறந்தநாளுக்கு எல்லோரும் வாணம் விடும்போது, நான் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் கதிரை போட்டு இருப்பது அவனுக்குத் தெரியும். இப்போது வேலையும் பங்கருக்குள்ளேதானோ என்று பகிடி பண்ணினான். பஸ்ஸில் ஏறும்போதுதான் கொஞ்சம் யோசித்தான். "அங்க ஊரில பங்கருக்க போனா எப்ப வெளியில வருவமெண்டு தெரியாது மச்சான். இஞ்ச பன்னிரண்டுக்குச் சாப்பிட விடுறாங்கள்."

பெரிய இலக்கம்

தாழ்நிலத்தில் இருந்து சோளம் பயிரிடும் கமக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய காணியைக் காட்டுப்பன்றி உழுதுகொண்டிருந்தது. சுடுவதற்கு அனுமதிக் கடிதம் வைத்திருந்தார். இன்ரநெற்றில் தானே எடுத்த எல்.ஈ.டி. துண்டும் கையில் இருந்தது. பெட்டியில் பத்தாயிரம் லூமென் என்று போட்டிருந்தது. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. விளக்கு விற்கிற எங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு தொல்லை என்று உங்களில் யாராவது அறிந்திருப்பீர்கள். எந்த வாடிக்கையாளரும் குறைந்த இலக்கத்தைக் கேட்டு வந்ததில்லை.

நான் வாதாடவில்லை. எனக்கு வாதாட வராது. விளக்கை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். தொண்ணூற்று நாலில் பிடிக்க முடியாத சூடு. அதன் பிறகு வெளிச்சமும் பாதியாக இறங்கிவிட்டது. பிறகு அவரைப் பங்கருக்குக் கூட்டிப்போய் இரண்டு விளக்கைக் காட்டினேன். அவருடையதை ஏற்றியதும் சுவர், கூரை, நிலம் எல்லாம் ஒரே வெள்ளை. அவரே கையால் கண்ணை மறைத்தார். மற்றது அறுநூறு லூமென்தான், ஆனால் கதிர் ஒடுங்கி ஒரு சோற்றுக் கோப்பை அளவில் போய் விழுந்தது. இந்த நாட்டவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம், கண்ணால் கண்டதும் ஒத்துக்கொள்வது. "என்னுடையது சுவரைக் காட்டுகிறது," என்றார் அவர். "உங்களுடையது சுவரில் இருக்கிற ஆணியைக் காட்டுகிறது."

ஏழு துளி

போன இலையுதிர் காலத்தில் செரைனா வந்தார். அவர் காட்டு விலங்குகளுக்கு அரசாங்கக் காவலர். எங்கள் பக்கத்தில் வேட்டைக்காரர் விளக்குப் பிடித்துச் சுடக்கூடாது. காவலருக்கு மட்டும் அனுமதி உண்டு, ஏனென்றால் காரில் அடிபட்ட மானைத் தேடிப்போய் முடித்துவைப்பது அவருடைய கடமை. மான் ஓடிவிட்டால் இலையில் விழுந்த இரத்தத்தைப் பார்த்துப் போக வேண்டும். கண்டால் ஒரே வெடியில் சுட்டு முடிக்க வேண்டும். இரண்டாவது வெடி என்றால் அது பட்ட வேதனைக்கு மேல் இன்னொரு வேதனை. பழைய பல்ப் இரத்தத்தைக் காட்டும், தூரம் போகாது. வேறெங்கோ போட்டுக்கொண்ட நீலம் பாய்ந்த எல்.ஈ.டி. தூரம் போகும், இரத்தத்தைச் சேறு மாதிரிக் காட்டும். மற்றவர்கள் எல்லோரும் கியோனோடுதான் கதைப்பார்கள், அவர் கூப்பிட்டால்தான் நான் வெளியே வருவேன். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஹெர் நடா, அதாவது திரு. நடா, என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்னிடமே இதையெல்லாம் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

இறைச்சிக் கடைக்குப் போய் ஒரு கோப்பை மாட்டு இரத்தம் வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாயால் கேட்க வெட்கம். இரத்தத் தொத்திறைச்சி செய்யவா என்று கடைக்காரர் கேட்க, செவ்வாய் வெள்ளியில் முட்டைகூடத் தொடாத நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். காய்ந்த இலை முப்பது பொறுக்கி, ஏழு இலையில் மட்டும் ஒவ்வொரு துளி விட்டுப் பங்கர் நிலத்தில் பரப்பினேன். ஐந்து எல்.ஈ.டி.யைச் சோதித்தோம். ஒவ்வொரு தரமும் இலைகளை மாற்றி அடுக்கினேன், எத்தனை துளி என்று சொல்லவில்லை. ஆகப் பிரகாசமான நீல வெள்ளையில் செரைனா கண்டுபிடித்தது மூன்று. மஞ்சள் கலந்த வெள்ளையில் ஏழும். நான் சந்தோசமாகக் கொப்பியில் ஏழு என்று எழுதும்போது அவர் விளக்கைத் திருப்பினார். "ஏழு இல்லை, ஹெர் நடா. எட்டாவது உங்கள் சட்டைக் கையில் இருக்கிறது."

குளிர்

மலையில் குளிர் கடுமை. பற்றறி விறைத்தால் விளக்கும் சோர்ந்துவிடும். தெரிவு செய்த துண்டைப் போட்டு விளக்கைப் பூட்டி, வீட்டு உறைபெட்டியில் ஆறு மணித்தியாலம் எரியவிட்டேன். மணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன், ஆறு தரம். ஆறாவது தரம் என் மனிசி பின்னால் வந்து நின்றா. பாரை மீனுக்கும் பிலாக்கொட்டைக்கும் நடுவில் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. விளக்கத் தொடங்கினேன். அவ கேட்கவில்லை. "இஞ்சருங்கோ, உந்த மீன் ஆரைத் தேடுது?"

பதினொரு நிமிடம்

நான் கொடுத்த எல்.ஈ.டி.யில் மூன்று அளவு வெளிச்சம் இருந்தது. சுவிட்சை அமத்த அமத்த மாறும். ஒரு அளவு போதும்தான். ஆனால் செரைனா சம்பவ இடத்தில் புத்தகத்தில் குறிப்பு எழுதுகிறவர், அதற்கு மங்கலான வெளிச்சமும் இருந்தால் உதவி என்று நானே யோசித்துத் தெரிவு செய்தேன். ரப்பர் சுத்தியலால் விளக்கின் பக்கத்தில் ஐம்பது தட்டுத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கியோன் அதைத் துவக்கில் பூட்டிக் கொடுத்தார்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை செரைனா விளக்கைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். விடிவதற்கு முதல் காட்டு வீதியில் ஒரு பெண் மான் அடிபட்டிருக்கிறது. சரிவில் இறங்கி மூன்று காலில் நின்றதாம். இரத்தமும் தெரிந்தது, மானும் தெரிந்தது. சுட்ட கணத்தில் அது திரும்பிவிட்டது; வெடி சரியான இடத்தில் படவில்லை. உடனே இரண்டாவது வைத்திருக்க வேண்டும். ஆனால் முதல் வெடியின் உதைப்பிலேயே விளக்கு மின்மினி அளவுக்கு இறங்கிவிட்டது. கையுறையோடு சுவிட்சை அமத்த, முழுக்க அணைந்தது. அதற்குள் மான் புதருக்குள் போய்விட்டது. மானை அடித்த காரோட்டியின் ரெலிபோன் வெளிச்சத்தில் தேடினார்களாம். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பதினொரு நிமிடம், ஹெர் நடா. கண்டுபிடித்தபோது அது என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது."

பக்கத்தில் தட்டியவன்

மேசையில் வைத்துப் பார்த்தேன். விளக்கில் ஒரு பிழையும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. துவக்கு பக்கவாட்டில் உதைப்பதில்லை, முன்பின்னாக உதைக்கும். உதைக்கும்போது பற்றறி ஒரு கணம் துள்ளித் தொடுப்பு விட்டுப்போகும். ஒரு நுனியில் மட்டும்தான் அந்த எல்.ஈ.டி.க்குச் சுருள்கம்பி இருந்தது. தொடுப்பு விட்டதும், யாரோ சுவிட்சை அமத்தினார்கள் என்று நினைத்து அது அடுத்த வெளிச்சத்துக்கு மாறிவிட்டது. விளக்கை நேர் முன்னால் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். உடனே இறங்கியது. பதினொரு வருடமும் நான் சரிபார்த்தது துவக்கில்லாத விளக்கை.

கியோனிடம் போய், இந்த வேலைக்குத் துவக்குத் தொடுகிற ஆள்தான் சரி, நான் நின்றுவிடுகிறேன் என்றேன். சனிக்கிழமை செரைனாவின் அடுத்த ஏழு நாள் கடமை தொடங்கும். அதற்கு முதல் நல்லது ஒன்று கிடைக்காவிட்டால், இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பழைய பல்ப்போடுதான் அவர் போக வேண்டும். அடுத்த மானுக்கும் பதினொரு நிமிடமா என்று அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கியோன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். விளக்கைத் துவக்கில் பூட்டிக் கொடுத்தது தான் என்றும், தானும் ஒரு வெடி வைத்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். "பிழை ஒன்று, ஹெர் நடா. ஆள் இரண்டு."

மூண்டு

வெள்ளிக்கிழமை மூன்று எல்.ஈ.டி.யோடு சூட்டுப் பயிற்சி மண்டபத்துக்குப் போனோம். கியோன் தானே போய் வீடியோ எடுத்து வருவதாகத்தான் முதலில் சொன்னார். வீடியோவில் எல்.ஈ.டி. வெளிச்சம் தானாகவே துடிக்கும். எது விளக்கின் துடிப்பு, எது கமராவின் துடிப்பு என்று பிரிக்க முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கிறவன் நானாக இருக்க வேண்டும். செரைனா விளக்கைத் தன் துவக்கில் பூட்டினார். நான் சுடுகிற கோட்டுக்குப் பின்னால், இரண்டு காதையும் மூடிக்கொண்டு நின்றேன். தூரத்து வெள்ளைப் பலகையில் வெளிச்சம் விழுந்து நின்றது.

முதல் வெடிக்கே பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலு முடிந்ததும் எப்படி என்று கியோன் கேட்டார். எனக்குத் தெரியாது. நாலு தரமும் கண்ணை மூடியிருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கியோன், செரைனா, மண்டபத்துக் கிழவர் என்று மூன்று பேர் காத்திருக்க, எண்ண வந்தவன் எண்ணவில்லை. இந்த நாலும் கணக்கில் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. செரைனா மட்டும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, சத்தம் எப்போது வரும் என்பதை நானே சொல்லலாம் என்றார். நான் எண்ண வேண்டும், நான் முடிக்கிற எண்ணில்தான் அவர் சுடுவார். எண்ணும்போது எனக்கு வருவது தமிழ்தான். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்றேன். சத்தம் வந்தது. என் கண் திறந்தே இருந்தது. என் வாழ்க்கையில் எனக்குச் சொல்லிவிட்டு வந்த முதல் வெடி அதுதான். செரைனா திரும்பிப் பார்த்து, ஜெர்மனுக்கு நடுவே அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்துக் கேட்டார். "அடுத்ததும் மூண்டில்தானே?"

ஒரு கண் வெட்டு

முதல் எல்.ஈ.டி. மூன்றாவது வெடியில் இறங்கியது. அதை எல்லோரும் கண்டார்கள். இரண்டாவதுதான் கியோனுக்குப் பிடித்தது. நல்ல தூரம், நல்ல பெயர். எட்டு வெடி அசையாமல் நின்றது. ஒன்பதாவதில் ஒரு கண் வெட்டு அளவுக்கு அணைந்து திரும்பி வந்தது. கியோன் காணவில்லை. செரைனாவும் காணவில்லை. நான் கண்டேன் என்றேன். அவ்வளவுதான், செரைனா மறுபேச்சு இல்லாமல் அதைக் கழற்றி வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு விட்ட ஒருவனின் கண்ணை அப்படி நம்புகிறவர்களைக் கண்டு நான் இன்னும் அதிசயப்படுகிறேன்.

மூன்றாவது ஆகச் சாதாரணமானது. ஒரே ஒரு வெளிச்சம், இரண்டு நுனியிலும் சுருள்கம்பி, மஞ்சள் கலந்த வெள்ளை, நானூறு லூமென். நான் இருபது வெடி கேட்டேன். செரைனாவின் தோள் நோகத் தொடங்க, கடைசி எட்டைக் கியோன் சுட்டார், அவரும் என் மூண்டுக்குக் காத்திருந்துதான். வெளிச்சம் பலகையை விட்டு அசையவில்லை. கணக்கில் இல்லாத நாலு, பிறகு மூன்று, ஒன்பது, இருபது, மொத்தம் முப்பத்தாறு. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர், நாங்கள் வந்ததில் இருந்து வாய் திறக்காதவர், எனக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து தந்தார். "இங்கே எல்லோரும் குறியில் பட்டதா என்றுதான் பார்ப்பார்கள். வெளிச்சத்தைப் பார்க்க வந்த முதல் ஆள் நீங்கள்."

இன்னொரு கதிரை

சிவலிங்கத்திடம் சொன்னேன். முப்பத்தாறு வெடிக்குக் கிட்ட நின்றனியோ என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அப்படியென்றால் இனி ஓகஸ்ட் முதலாம் திகதி மாடியில் நின்று வாணம் பார்க்கலாம், பங்கருக்குள் கதிரை தேவையில்லை என்று தொடங்கினான். அது வேறு, இது வேறு என்றேன். வாணம் விடுகிறவன் எனக்காக மூன்று எண்ணமாட்டான். அவன் வழக்கம்போலச் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் அண்டைக்கு நித்திரை இல்லை மச்சான். இன்னொரு கதிரை போடு."

பன்னிரண்டாவது வரி

பனி கரைந்த பிறகு செரைனா கடைக்கு வந்தார். விளக்கைக் கொண்டுவரவில்லை, புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் திறந்து வைத்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவரை அழைத்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: இடம், மிருகம், எத்தனை வெடி. பத்தொன்பது வரி. விரலை வைத்து இறங்கினேன். ஒன்று, ஒன்று, ஒன்று. பன்னிரண்டாவது வரியில் இரண்டு என்று இருந்தது. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்றார் அவர். மூச்சு வாங்க ஏறிப்போய், மூச்சு அடங்குமுன் சுட்டுவிட்டாராம். முதலாவது பிசகியதும் மான் எங்கே நிற்கிறது என்று வடிவாகத் தெரிந்ததால் இரண்டாவதை உடனேயே வைக்க முடிந்ததாம். இதை அவர் என்னிடம் சொல்லத் தேவையே இல்லை. பக்கத்தை மூடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் கொப்பியை எடுத்து, பத்தொன்பது அழைப்பு, விளக்கு அணைந்தது பூச்சியம் என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார், போதவில்லை போல. "பன்னிரண்டாவது என் பிழை என்று அதையும் எழுதுங்கள், ஹெர் நடா. விளக்கின் பெயரில் ஒன்றும் இருக்கக்கூடாது."

ஆக, அன்பர்களே, பதினொரு வருடத்தில் நான் துவக்கைத் தொட்டது பூச்சியம் தரம், துவக்கு வெடிக்கக் கண்ணை மூடியது நாலு தரம், மற்ற நேரமெல்லாம் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.